ஒரு ஸ்டூடியோவின் பிழைதிருத்தச் சீட்டு

ஜப்பானுக்கு நான் சுற்றிப் பார்க்கப் போகவில்லை, திட்டு வாங்கப் போனேன். ஆம்பூரிலிருந்து எங்கள் கம்பெனி அனுப்பிய பெண்கள் ஷூவில் குதிகால் கழன்று வருகிறது என்று ஒசாகா பையர் மெயிலுக்கு மேல் மெயில் போட்டுக்கொண்டிருந்தார். திட்டு வாங்குவதற்கென்றே ஒவ்வொரு எக்ஸ்போர்ட் ஆபீஸிலும் ஓர் ஆள் இருப்பார். எங்கள் ஆபீஸில் பல வருடங்களாக அந்த ஆள் நான்தான்.

போகிற போக்கில் செய்ய இன்னொரு வேலையும் இருந்தது. ஒசாகாவுக்குப் பக்கத்து நகரத்தில் ஒரு சினிமா ஸ்டூடியோ. பெயர் வேண்டாம். சொன்னாலும் இப்போது அப்படி ஒரு கம்பெனி கிடையாது. அதன் கடைசி வாரத்தில், கம்பெனியின் முழு வரலாற்றையும் புத்தகமாகப் போட்டு வெளியிடுகிறோம், வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று எனக்கு அழைப்பு வந்திருந்தது.

ஷூ கம்பெனிக்காரனுக்கும் ஜப்பான் சினிமாவுக்கும் என்ன சம்பந்தம் என்று என் மனைவி கேட்டாள். சம்பந்தம் தேவராஜ் அண்ணன். ஒடுகத்தூரிலிருந்து தினமும் பஸ் பிடித்து வந்து எங்கள் டேனரியில் தோல் தரம் பிரித்தவர். செலக்ஷன் என்பார்கள். மேஜைமேல் தோலை வீசிப் போட்டு, ஒரு தடவு தடவி, சாக்பீஸால் ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுதுவார். அவர் எழுதினால் எழுதினதுதான்.

ஏறக்குறைய பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னால் அந்த ஸ்டூடியோவின் உடையலங்காரப் பிரிவு எங்களிடம் எருமைத் தோல் கேட்டது. தோற்று ஓடும் படைவீரர்கள் போட்டுக்கொள்ளும் மார்புக் கவசத்துக்காம். அவர்கள் கேட்ட விதம்தான் வேடிக்கை. கீறல், தழும்பு, உண்ணி கடித்த புள்ளி எல்லாம் இருக்க வேண்டும், சுத்தமான தோல் வேண்டாம் என்று எழுதியிருந்தார்கள். விலை கொடுத்து ரிஜெக்ட் கேட்கிறான் பார் என்று ஆபீஸே சிரித்தது. நான்தான் அதிகம் சிரித்தேன். வெளிநாட்டுக்காரனுக்கு மட்டமான சரக்கு அனுப்பினால் நாளைக்கு அவனே நஷ்டஈடு கேட்டு கிளெய்ம் போடுவான் என்று, முதல் தரத்தில் பளபளவென்று பத்துத் தோல் எடுத்து சாம்பிள் அனுப்ப வைத்தேன். அத்தனையும் திரும்பி வந்தது.

அப்போது தேவராஜ் அண்ணன் என் மேஜைக்கு வந்து நின்றார்.

"அவன் கேக்குறது ரிஜெக்ட் இல்ல சார். அடிபட்ட மாட்டுத் தோலு கேக்குறான். கம்பி வேலி கிழிச்சா கோடு நேராப் போவும். அது வாணாம். சண்டை போட்ட எருமைக்குக் கொம்பு குத்துன தழும்பு இருக்கும், கழுத்தாண்ட நுகத்தடி தேஞ்சது இருக்கும். அத்தப் பொறுக்கித் தர்றேன். நீங்க கம்முனு இருங்க."

கம்மென்று இருந்தேன். நாலு நாள் குடோனில் உட்கார்ந்து அவர் பொறுக்கிக் கொடுத்த தோல் அப்படியே ஓகே ஆகிவிட்டது. அதற்குப் பிறகு அந்த ஸ்டூடியோவிலிருந்து ஆர்டரும் வரவில்லை. நாங்கள் அந்தப் படத்தைப் பார்க்கவும் இல்லை.

போன வருடம் மோரிதா என்ற அம்மாளிடமிருந்து மெயில் வந்தது. ஸ்டூடியோ வரலாற்றைத் தொகுக்கிறவர். ஒரு படிவம் அனுப்பியிருந்தார். நான் அதை நிரப்பி அனுப்பிவிட்டு, ரிடையர் ஆகி ஊரோடு போய்விட்ட தேவராஜ் அண்ணனுக்கு போன் செய்து, உங்கள் தோலைப் பற்றி ஜப்பானில் புத்தகம் போடுகிறார்கள் என்றேன்.

"என் பேரு வருமா சார்?" என்று கேட்டார்.

"வராம பின்ன. உங்க பேருதான் வரும்," என்றேன். அந்த நேரத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

ஒசாகாவில் முதல் நாள் முழுக்கச் சோற்றோடு மல்லுக்கட்டினேன். மூலைக் கடையில் முக்கோணச் சோற்று உருண்டை விற்கிறார்கள். பிளாஸ்டிக் உறையில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டிருக்கிறது, அந்த வரிசையில் இழுக்க வேண்டும். நான் நம் ஊர் பன்னைப் பிரிப்பதுபோல் குறுக்கே பிய்த்தேன். சுற்றியிருந்த கடல்பாசி உறையோடு போய்விட்டது, மொட்டைச் சோறு கையில் நின்றது. குடியாத்தம் லுங்கியில் சுற்றி மனைவி வைத்த பூண்டு ஊறுகாய்தான் மானத்தைக் காப்பாற்றியது. வெள்ளிக்கிழமை மத்தியானம் எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் மூக்குக்கு முன்னால் பிரியாணி வரும். இந்த ஊரில் தெருவே வாசனையில்லாமல் கிடந்தது.

இரண்டாம் நாள் பையர் ஆபீஸ். வாங்கப்போகிற திட்டுக்கெல்லாம் பதில் தயார் செய்து வைத்திருந்தேன். அவர்களோ, இவ்வளவு தூரம் வரவழைத்துவிட்டோம் என்று என்னிடம் மன்னிப்புக் கேட்டார்கள். கத்தினால் பதிலுக்குக் கத்தலாம். இதற்கு என்ன செய்வது? பசையை மாற்றுகிறோம் என்று ஒப்புக்கொண்டேன். அவர்கள் ஆபீஸில் இங்கிலீஷ் பேசுகிற ஓனோ என்பவர் மத்தியானம் நூடுல்ஸ் சூப் கடைக்கு அழைத்துப் போனார். அங்கே எல்லோரும் சத்தம் போட்டு உறிஞ்சுகிறார்கள். எங்கள் வீட்டில் அப்படிச் சாப்பிட்டால் முதுகில் ஒன்று விழும். நானும் உறிஞ்சப் பார்த்தேன், சட்டை நனைந்தது.

மூன்றாம் நாள் ஓனோவே துணைக்கு வந்தார். ரயிலில் எதிரில் இரண்டு பேர் பேசிக்கொண்டு வந்தார்கள். ஓனோ சிரித்துக்கொண்டே எனக்கு மொழிபெயர்த்தார்.

"ஸ்டூடியோ ஸ்டேஷனில் இறங்கினால் நல்ல மீன் கடை ஒன்று இருக்கிறது."

"அங்கே ஸ்டூடியோ இருக்கிறதா என்ன?"

"தெரியாது. ஸ்டேஷனுக்கு அப்படித்தான் பெயர்."

எனக்கு இது புதிதில்லை. ஆம்பூர் போகிற வழியில் தோல் ஷாப் ஸ்டாப்பிங் என்று ஒன்று உண்டு. அந்த டேனரி இரண்டு அண்ணன் தம்பிக்குள் பாகம் பிரிந்து, ஒரு பாதி கல்யாண மண்டபம் ஆகிப் பல வருடமாயிற்று. இன்றைக்கும் கண்டக்டர் "தோல் ஷாப்பு எறங்கு" என்றுதான் கத்துகிறார்.

மோரிதா அம்மாள் வாசலிலேயே நின்றிருந்தார். அறுபதைத் தாண்டியவர், குள்ளம், நடை மட்டும் வேகம். நிதானமான இங்கிலீஷில் பேசினார். முதலில் இடத்தைச் சுற்றிக் காட்டினார். இதோ பாருங்கள் என்று அவர் கை நீட்டின இடத்திலெல்லாம் வேறு ஏதோ இருந்தது. முதல் படப்பிடிப்புக் கூடம் இருந்த இடத்தில் சூப்பர் மார்க்கெட். கடல் சண்டை எடுக்கக் கட்டிய தொட்டி இருந்த இடத்தில் கார் பார்க்கிங். மீதம் ஒரு கூடமும் ஓர் ஓட்டு வீடும்தான்.

கம்பெனிக் கதையை நடந்துகொண்டே சொன்னார். நாடகக் கொட்டகை வைத்திருந்த அண்ணன் தம்பி இருவர் ஆரம்பித்தது. யுத்த காலத்தில் சின்னக் கம்பெனிகளெல்லாம் ஒன்றாகச் சேருங்கள் என்று உத்தரவு வர, அதுவரை முகம் பார்க்காத போட்டிக்காரர்கள் ஒரே மேஜையில் உட்கார்ந்தார்கள். யுத்தம் முடிந்து படம் ஓடோ ஓடென்று ஓடியது. வீட்டுக்குப் போக நேரமில்லாமல் ஆட்கள் படத்துக்குச் செய்த பல்லக்கிலேயே தூங்கினார்கள். அப்புறம் ஸ்டிரைக். பாதித் தொழிலாளிகள் கேட்டுக்கு உள்ளே, பாதிப் பேர் வெளியே. கேன்டீனில் சமைத்த நட்சுகோ என்ற அம்மாள் மட்டும் இரண்டு பக்கத்துக்கும் சோறு கொடுத்தாராம்.

"டிவி வந்தபோது எங்கள் தலைவர், சின்னப் பெட்டிக்கு முன்னால் யார் உட்காரப்போகிறார்கள் என்றார்," என்றார் மோரிதா. "கொஞ்ச காலம் கழித்து அவரே மூன்றாவது கூடத்தைப் பந்து உருட்டி விளையாடும் இடமாக மாற்றினார்."

அதுவும் போய் கம்பெனி திவாலானது. தொழிற்சங்கமே ஸ்டூடியோவை நடத்தியது. விளம்பரப் படத்துக்கு வாடகைக்கு விட்டார்கள். பிறகு ஒரு ரயில் கம்பெனி வாங்கியது. அதனிடமிருந்து வீடு கட்டி விற்கிற கம்பெனி வாங்கியது. அவர்களுக்குச் சினிமா வேண்டாம், நிலம்தான் வேண்டும். நாளையோடு ஸ்டூடியோவைத் தாய்க் கம்பெனியோடு கரைத்துவிடுகிறார்கள். மோரிதா அம்மாளுக்கும் நாளைதான் கடைசி நாள். இதைச் சொல்லும்போது அவர் குரல் மாறவில்லை. எனக்குத்தான் ஒருமாதிரி இருந்தது.

எங்கள் கம்பெனிக்கும் வரலாறு உண்டு. ரிசப்ஷனில் பெரிய முதலாளி படம், சந்தன மாலை, கீழே சீரியல் லைட். அவ்வளவுதான். கம்பெனி கைமாறியபோது பழைய ஆள் வருகைப் பதிவேடுகளை எல்லாம் பழைய பேப்பர்காரனுக்கு எடைக்குப் போட்டார்கள். நான்தான் நின்று ஏற்றிவிட்டேன். தேவராஜ் அண்ணன் முப்பது வருடத்துக்கு மேல் வேலைக்கு வந்து போனதற்கு அதைத் தவிர வேறு சாட்சி எங்கேயும் கிடையாது.

மத்தியானம் ஓட்டு வீட்டில் சின்ன விழா. குளிர்ந்த பார்லி டீ, மடித்த ஆம்லெட், ஊறுகாய் மாதிரி ஏதோ. புத்தகத்தை அட்டைப் பெட்டிக்குள் சொருகி வைத்திருந்தார்கள். செங்கல் கனம். எனக்கும் ஒன்று கொடுத்தார்கள். மோரிதா அம்மாள் கடைசிப் பகுதியைத் திறந்து காட்டினார். பக்கம் பக்கமாக வெறும் பெயர்கள். நடிகர், டைரக்டர் மட்டுமில்லை. தச்சர், டிரைவர், பசை காய்ச்சினவர், குதிரைக்குப் புல் போட்டவர், கேன்டீன் நட்சுகோ.

"முதலாளிகளின் பெயர் பத்திரங்களில் இருக்கும். இவர்கள் பெயர் வேறெங்கும் இருக்காது. அதனால்தான் ஒவ்வொருவருக்கும் எழுதிக் கேட்டேன்," என்றார்.

பிறகு எங்கள் பக்கத்துக்கு வந்தார். இடது பக்கம் முழுக்க ஒரு போட்டோ. சேற்றில் நிற்கும் ஒரு படைவீரன், மார்பில் எங்கள் தோல். கீழே நாலு வரி. ஓனோ வாசித்துச் சொன்னார்.

"மற்ற ஊர்கள் அனுப்பிய தோல்கள் அழகாக இருந்தன. இந்தியாவில் ஆம்பூரிலிருந்து வந்த தோலில் ஓர் உயிர் பட்ட பாடு இருந்தது. அதைக் கண்டறிந்து பொறுக்கி எடுத்தவர்..." அங்கே நிறுத்தி, அவர் விரல் வைத்து என் பெயரைப் படித்தார்.

அந்தப் படிவம் ஞாபகம் வந்தது. இந்தத் தோலைக் கையால் தேர்ந்தெடுத்தவர் யார் என்று அதில் தெளிவாகவே கேட்டிருந்தார்கள். எங்கள் ஆபீஸில் ஒரு பழைய சட்டம். பையருக்குப் போகிற எந்தத் தாளிலும் ஃப்ளோரில் வேலை செய்கிற ஆளின் பெயர் போகக் கூடாது. நல்ல செலக்ஷன் ஆள் இருப்பது தெரிந்தால் பக்கத்து டேனரிக்காரன் இழுத்துக்கொண்டு போய்விடுவான் என்று பயம். அதனால் எந்தக் கட்டத்தில் என்ன கேட்டாலும் என் பெயரைத்தான் டைப் அடிப்பேன். கை பழக்கத்தில் அடித்துவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அனுப்புவதற்கு முன்னால் ஒரு தடவை படித்தேன். தேவராஜ் அண்ணன் ரிடையர் ஆகி வீட்டிலிருக்கிறார், இனி அவரை யார் இழுத்துக்கொண்டு போகப்போகிறார்கள் என்று தோன்றவும் செய்தது. இருந்தும் அனுப்பினேன்.

ஸ்டூடியோ தலைவர் எழுந்து வந்து என் முன்னால் இடுப்பு வரை குனிந்தார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் குனிந்தேன்.

"பிழை ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்," என்றார் மோரிதா. "நாளை பதினோரு மணிக்குப் பிழைதிருத்தச் சீட்டு அச்சடித்து ஒவ்வொரு புத்தகத்திலும் வைப்பேன். பன்னிரண்டுக்கு வண்டி வந்து எடுத்துக்கொண்டு போய்விடும். அதற்கப்புறம் திருத்துவதற்கு நானும் இருக்க மாட்டேன், கம்பெனியும் இருக்காது."

ஓனோ என்னைப் பார்த்தார். தலைவர் பார்த்தார். நான் "எல்லாம் சரியாக இருக்கிறது" என்றேன்.

திரும்பி வரும்போது ஓனோ பொரித்த கோழி வாங்கிக் கொடுத்தார். நன்றாகத்தான் இருந்திருக்கும். எனக்கு இறங்கவில்லை. ஓனோவிடமே சொல்லியிருக்கலாம், அவர் ஒரு போன் போட்டால் முடிகிற காரியம். ஆனால் இவர் பையரின் ஆள். அடுத்தவன் வேலைக்குத் தன் பெயரைப் போட்டுக்கொண்டவன் என்று தெரிந்தால் குதிகால் விஷயத்தில் என் பேச்சை எப்படி நம்புவார் என்று பார்த்தேன். அறைக்கு வந்து மோரிதா அம்மாளுக்கு மெயில் எழுதினேன், அழித்தேன், மறுபடி எழுதினேன், அழித்தேன். நேரில் போய் முகத்தைப் பார்த்துச் சொல்வதுதான் முறை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கோழைக்குச் சாக்கா பஞ்சம்?

நாலாம் நாள் காலையில் கிளம்பினேன். ஒன்பதரைக்கே ஸ்டேஷனில் இருந்தேன். வந்த ரயிலில் ஏறினேன். ஜோலார்பேட்டை லைனில் முப்பது வருடம் போய் வந்தவனுக்கு எக்ஸ்பிரஸுக்கும் பாசஞ்சருக்கும் வித்தியாசம் தெரியாமல் போயிற்று. அங்கே இரண்டும் ஒரே பிளாட்பாரத்தில், ஒரே நிறத்தில் வருகிறது. ஸ்டூடியோ ஸ்டேஷன் ஜன்னலில் சர்ரென்று ஓடிப்போனதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பக்கத்திலிருந்த பெரியவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டினார். இது நிற்கும் அடுத்த இடம் வேறு ஊர். அங்கே இறங்கி, எதிர்ப் பக்கம் போய், அவசரத்தில் மறுபடி ஏறினது இன்னொரு எக்ஸ்பிரஸ். அது இந்தப் பக்கம் வெகுதூரம் போய்த்தான் நின்றது.

ஸ்டூடியோ வாசலுக்குப் போனபோது பன்னிரண்டு நாற்பது. ஏணி போட்டு ஓர் ஆள் பெயர்ப்பலகையின் எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தார். கேட்டில் புது யூனிஃபார்மில் ஒரு காவலாளி. மோரிதா என்றேன். அவர் போனிலிருந்த மொழிபெயர்ப்பு ஆப்பில் பேசி என்னிடம் நீட்டினார். "அவர் எல்லோருக்கும் வணக்கம் சொல்லிவிட்டுப் போய்விட்டார்," என்று இருந்தது.

புத்தகங்கள் என்றேன். வண்டி போன தெருவைக் காட்டினார். நான் நகராமல் நிற்பதைப் பார்த்து உள்ளே போய், மிச்சமிருந்த பிழைதிருத்தச் சீட்டு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். விரல் நீளத்துக் காகிதம், ஒரே ஒரு வரி. போனைக் காட்டி அதையும் தமிழில் படித்தேன். கேன்டீன் நட்சுகோவின் பெயரில் ஓர் எழுத்து தவறாக இருந்ததாம், வருந்துகிறோம், இப்படி வாசிக்கவும் என்று போட்டிருந்தது. அந்தத் தெருவிலேயே ஓரமாக உட்கார்ந்துவிட்டேன்.

அங்கிருந்தே மோரிதா அம்மாளுக்கு மெயில் அடித்தேன். அந்த முகவரி இல்லை என்று அரை நிமிடத்தில் திரும்பி வந்தது. ஊருக்கு வந்த பிறகு தாய்க் கம்பெனிக்கும் எழுதினேன். அந்த வெளியீடு பற்றிய பதிவுகள் எங்களிடம் இல்லை என்று மரியாதையாகப் பதில் வந்தது. கம்பெனி செத்தால் அதனிடம் மன்னிப்புக் கேட்கவும் முடியாது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

பயணத்தின் கடைசிக் கட்டம் வேலூரிலிருந்து ஒடுகத்தூர் பஸ். போகாமலே இருந்துவிடலாம் என்று மூன்று வாரம் பார்த்தேன். அவர் இரண்டு தடவை போன் செய்து, "புக்கு வந்துச்சா சார்?" என்று கேட்டுவிட்டார். பஸ்ஸில் மடிமேல் அந்தச் செங்கல் கனம். அணைக்கட்டு ஊரைத் தாண்டுகிற வரைக்கும் என்ன சொல்வதென்று யோசித்துக்கொண்டே போனேன். அவருக்கு ஜப்பான் எழுத்தா தெரியும், இதோ உங்கள் பெயர் என்று விரல் வைத்துக் காட்டிவிட்டால் முடிந்தது என்றும் ஒரு புத்தி போயிற்று.

தேவராஜ் அண்ணன் கடலைக் கொல்லையிலிருந்து வந்து கைகால் கழுவி, துண்டில் கையை நன்றாகத் துடைத்துவிட்டுப் புத்தகத்தை வாங்கினார். அவர் மனைவி வேகவைத்த வேர்க்கடலையும் டீயும் வைத்தார். நான் பக்கத்தைத் திறந்து கொடுத்தேன். அவர் முதலில் போட்டோமேல் உள்ளங்கையை வைத்து, மேஜைமேல் தோலைத் தடவுவதுபோல் தடவினார்.

"இது கொம்புக் குத்து சார். இத்த நான் மூணாவது நாளு எடுத்தேன். பாருங்க, மேல ஏறிக் கீழ எறங்கும். இந்தாண்ட நுகத்தடி." மனைவியைக் கூப்பிட்டார். "த பாரு, நான் பொறுக்குனது."

அந்த அம்மாள் குனிந்து பார்த்தார். "இந்த ஆளு யாரு, பெரிய நடிகரா?"

"யாரா இருந்தா இன்னா. தோலப் பாரு," என்றவர், கீழேயிருந்த நாலு வரிமேல் விரலை வைத்தார். "என் பேரு எங்க சார் இருக்குது?"

பஸ்ஸில் வந்த புத்தி அப்போதும் வந்தது. அவர் விரலைப் பார்த்தேன்.

"உங்க பேரு இல்லண்ணே. அந்த எடத்துல என் பேரு இருக்குது. கேட்டு எழுதுனாங்க. நான்தான் என் பேரக் குடுத்துட்டேன்."

அவர் மனைவி டீ டம்ளரை எடுக்க வந்தவர் எடுக்காமல் உள்ளே போனார். தேவராஜ் அண்ணன் அந்த வரிமேலிருந்து விரலை எடுத்தார்.

"நீங்கதான சார் இத்த வாணாம்னு சொன்னது," என்றார். அதில் கோபம்கூட இல்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மன்னித்துவிடுங்கள் என்றேன். எக்ஸ்பிரஸ் ரயில், சீட்டு, மெயில் எல்லாம் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அலுத்துப்போயிற்று. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, அந்தப் பக்கத்தில் என் பெயர்மேல் கோடு இழுத்து, பக்கத்தில் 'ஒடுகத்தூர் ஆ. தேவராஜ்' என்று தமிழில் எழுதினேன்.

அவர் புத்தகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பி அதை எழுத்துக்கூட்டிப் படித்தார். மை காய்கிற வரை பக்கத்தை மூடாமல் வைத்திருந்தார். பிறகு, நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோல, என்னைப் பார்த்துக் கேட்டார்.

"மத்த புக்குலெல்லாம் இன்னா சார் பண்ணுவீங்க?"